பிரீதருக்குள் இருந்த என் சாரத் துண்டு

ரஞ்சன், என் உயிர் மச்சானே,

உன் ஆண்டுத் திவசத்துக்கு ஊரில் நினைவு மலர் அடிக்கிறார்கள். மெல்பேர்னில் உன்னோடு ஒரே அறையில் இருந்தவன் என்று எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார் உன் தமையன். "நல்லதா நாலு வரி எழுதும் தம்பி, திங்கக்கிழமை அச்சுக்குக் குடுக்கவேணும்" என்றார். நாலு வரியில் முடிகிற அலுவல் இல்லை இது. நல்லதாக இருக்குமா என்றும் தெரியவில்லை.

முதலில் புதினம் சொல்கிறேன். டண்டினோங்கில் இந்த முறையும் பல்லுக் கிடுகிடுக்கும் குளிர். உன் கட்டிலில் இன்னும் யாரையும் விடவில்லை. வீட்டுக்கார அங்கிள் இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். என் விசா அதே பிரிட்ஜிங் விசாதான், முடிவு வரும்வரை தருகிற தற்காலிக விசா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டுகிறார்கள், நானும் ஆறு மாதத்துக்கு மேல் எதையும் யோசிப்பதில்லை.

வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்பதால்தான் உன் பிரேதப் பெட்டியோடு ஊருக்கு வரவில்லை. விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பக்கத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். படகில் வந்து இறங்கிய நாளிலிருந்து இரண்டு பேரும் ஊருக்கு ஒருக்கால் போய்வரக் கேட்டோம். உனக்கு மட்டும் கிடைத்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவாயா? இருந்தது, மச்சான்.

சரி, உன் லொறிக்கு வருகிறேன். சுற்றி வளைத்துக்கொண்டிருப்பது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

நாங்கள் படகேறிய காலத்திலேயே கிழடு தட்டிப்போயிருந்த ஜப்பான் டீசல் லொறி அது, இங்கே வந்து நீ வாங்கியது. அதை நீ குளிப்பாட்டித் துடைத்து வைத்திருந்த வடிவைப் பார்த்து ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். வீடு மாறுகிற சனத்தின் தளபாடம் ஏற்றுவாய். ஒருநாள் முகம் தொங்கிப்போய் வந்தாய். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் வீட்டு வாசலில் ஒயில் சொட்டியதற்கு உன்னை ஏசிவிட்டாளாம். குனிந்து பார்த்தேன். பிரீதர் குழாயின் வாயில் சொட்டுச் சொட்டாக நின்றது.

மலர் வாசிக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், நீ பொறுத்துக்கொள். எஞ்சின் ஓடும்போது பிஸ்ரன் ஓரத்தால் கொஞ்சம் புகை கீழே இறங்கும். புது எஞ்சினிலும் இறங்கும், பழசில் இன்னும் கூடுதலாக இறங்கும். அந்தப் புகை வெளியே போக வைத்த குழாய்தான் பிரீதர். புகையோடு ஒயிலும் வந்து சொட்டும். வன்னியில் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒயில் மருந்து மாதிரி அல்லவா? நாங்கள் அந்தக் குழாய்க்குள் துணி வைப்போம். புகை போகும், ஒயில் துணியில் ஊறித் திரும்ப எஞ்சினுக்குள் இறங்கும். நான் கைவைத்த ஒரு உழவு இயந்திரத்துக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை.

இங்கேயும் அதையே செய்தேன். நான் உடுத்துகிற பழைய நீலக் கட்டம் போட்ட சாரத்தில் ஒரு துண்டு கிழித்து உள்ளே திணித்தேன். சொட்டு நின்றது. நீ எனக்குக் கொத்துரொட்டி வாங்கித் தந்தாய். நான் அதை அத்தோடு மறந்துபோனேன்.

இரண்டு வருசம் கழித்து, குளிர் காலத்தில், எஞ்சினின் எல்லா மூலையாலும் ஒயில் வந்தது. மேல் மூடியின் காஸ்கெட்டால் கசிந்தது. பின்பக்க சீலால் ஒழுகியது. ஒயில் பார்க்கிற கம்பி தானாக மேலே கிளம்பி நின்றது. நான் காஸ்கெட் மாற்றினேன், ஒரு கிழமையில் வேறு இடத்தால் வந்தது. கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன். மூடி கையை விட்டுத் துள்ளியது, புகை முகத்தில் அடித்தது. உடனே மூடிவிட்டேன்.

"பிஸ்ரன் ரிங் தேஞ்சு போச்சு மச்சான். எஞ்சின் முடிஞ்சுது" என்றேன்.

"வடிவாப் பாத்தனியோ?"

"சின்ன வயசில இருந்து எஞ்சினோட கிடக்கிறன். எனக்குத் தெரியாதோ?"

நீ சண்டை பிடித்திருக்கலாம். வேறு கராஜுக்குக் கொண்டுபோயிருக்கலாம். "நீ சொன்னாச் சரி" என்று சொல்லி, லொறித் திறப்பை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தாய். அடுத்த கிழமை இறைச்சித் தொழிற்சாலையில் சேர்ந்தாய். குளிர் அறையில் மாட்டுத் தொடைகளைத் தூக்குகிற வேலை. எங்கள் விசாவுக்கு உடனே கிடைக்கிற வேலை வேறு என்ன? சேர்ந்து நாலாம் மாதம், ஒரு விடியக்காலை ஷிப்டில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாயாம். எழும்பவில்லை.

இதய நாளம் முதலே அடைபட்டிருந்தது, லொறி ஓட்டிக்கொண்டிருந்தாலும் நடந்திருக்கலாம் என்றார் டொக்டர். 'நடந்திருக்கலாம்' என்றுதான் சொன்னார்.

நீ போன பிறகும் லொறி கிட்டத்தட்ட ஒரு வருசம் அங்கிளின் ஷெட் பக்கத்தில் நின்றது. போன ஞாயிறு மத்தியானம் அதைப் பழைய இரும்புக்குக் கொடுக்க முன்னம் ஒருக்கால் ஸ்ராட் பண்ணினேன். ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன், அதே புகை அடித்தது. அந்த நேரம் பார்த்து வசந்தி போன் எடுத்தா. உன் மனைவி ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை, தெரியுமா? எஞ்சின் ஓட, மூடியைக் கையில் வைத்தபடியே கதைத்தேன்.

"அண்ணா, ஒண்டு கேட்டாக் குறை நினைப்பியளோ? இவர் ஒயில் மாத்தாமலோ லொறிய ஓடினவர்?"

"ஏன் தங்கச்சி?"

"அவற்ற தமையன் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறார். நல்ல லொறிய கவனமில்லாமல் எரிச்சுப் போட்டுத்தான் இறைச்சி தூக்கப் போனவனாம். பிள்ளையும் கேட்டுக்கொண்டு இருந்தவள்."

"அதெல்லாம் இப்ப என்னத்துக்கு, விடுங்கோ" என்றேன். இல்லை என்று சொல்லவில்லை. நீ ஒயில் மாற்றின நாட்களை லொறிக் கதவுக்குப் பின்னால் பென்சிலால் குறித்து வைப்பதை என்னைவிட யார் கண்டது? ஆனாலும் அதைச் சொன்னால், நீ கவனமில்லாதவன் இல்லை என்றால் எஞ்சின் ஏன் போனது என்று அடுத்ததாகக் கேட்பா, அந்தக் கதைக்குள் போக எனக்கு விருப்பம் இருக்கவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். புகை அடங்கியிருந்தது. ஒரு கிழட்டு எஞ்சின் விடுகிற சாதாரணப் புகை, அவ்வளவுதான். மூடியைக் கவிழ்த்து ஓட்டையின் மேல் வைத்தேன். கொஞ்சம் நடுங்கியது, விழாமல் இருந்தது.

ரிங் தேய்ந்த எஞ்சின் என்றால் புகை அடித்துக்கொண்டே இருக்கும். இது உள்ளே தேங்கிக் கிடந்த அழுத்தம், வழி கிடைத்ததும் போய்விட்டது. அன்றைக்கு நான் மூடியைத் திறந்து ஒரு நிமிசம் பொறுத்திருந்தால் இது தெரிந்திருக்கும், ரஞ்சன். ஒரு நிமிசம்.

பிரீதர் குழாயைக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாக, தயிர் மாதிரி, கட்டிபட்டுக் கிடந்தது. இந்தக் குளிருக்கு எஞ்சினுக்குள் தண்ணீர் வியர்க்கும், அது ஒயிலோடு கலந்து துணியில் படிந்து படிந்து குழாயை இறுக்கிவிட்டது. வன்னி வெயிலில் இது நடக்காது. நான் வன்னியை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் அங்கேயே நின்று எஞ்சின் பார்த்திருக்கிறேன். குறடால் இழுத்தேன். நீலக் கட்டம் போட்ட என் சாரத் துண்டு வந்தது.

அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். அழவில்லை. என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

நான் இப்போது கண்டுபிடித்தது ஒருவேளை பிழையாக இருக்கட்டும் என்று நேர்ந்துகொண்டு வேலை செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். கம்பிரஷன் பார்க்கிற கேஜ் இரவல் வாங்கினேன். நாலு சிலிண்டரும் நல்லாக இருந்தன, ரிங் தேயவே இல்லை. எஞ்சினைக் கழுவி, கசிவு எங்கே என்று தெரிய, பிள்ளைகளுக்குப் பூசுகிற பவுடரைத் தூவி, அரை மணித்தியாலம் ஓடவிட்டேன். பின்பக்க சீல் இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு நனைந்தது. அந்த சீலையும் கெடுத்தது அடைபட்ட அழுத்தம்தான். மற்ற இடமெல்லாம் பவுடர் காய்ந்தபடி இருந்தது. உன் லொறிக்கு ஒன்றும் இல்லை, மச்சான். ஒருநாளும் இருக்கவில்லை.

கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய் நின்று பார்த்தேன். சாமியிடம் சொல்வது லேசாகத்தான் இருந்தது, அவர் திருப்பிக் கேட்பதில்லை. வசந்தி கேட்பா. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்பாள். ஊரில் எனக்கென்று போன் எடுக்க வேறு யாரும் இல்லை. அந்த ஒரு 'அண்ணா'வும் இல்லாமல் போனால் நான் இந்த அறைக்குள் என்ன செய்வேன்? எழும்பிப் போகவும் ஓர் இடம் இல்லை. இந்தக் கிழமை முழுக்க இதைத்தான் யோசித்தேன், உன்னை அல்ல. அதையும் நீ தெரிந்துகொள்.

நீ என்றால் என்னை மன்னித்திருப்பாய் என்று எல்லாரும் சொல்வார்கள். உன்னிடம் கேட்காமல் நான் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆகவே இந்தக் கடிதத்தை ஒரு சொல்லும் குறைக்காமல் உன் தமையனுக்கு அனுப்புகிறேன். அவர் போடாவிட்டால் வேறு இடத்தில் போடுவேன். ஆனால் வசந்தி இதை அச்சில் பார்த்து அறியக்கூடாது. நாளைக்கு ஞாயிறு. அவ எடுக்க முன்னம் நானே எடுப்பேன். பிறகு வாய் தடுமாறி மாற்றிவிடாமல் இருக்க, சொல்லப்போவதை இங்கே எழுதி வைக்கிறேன். இது உனக்குத் தருகிற வாக்கு:

"தங்கச்சி, ரஞ்சன் ஒருநாளும் ஒயில் மாத்தாமல் விட்டதில்லை. பிழை விட்டது நான். பிள்ளையையும் பக்கத்தில கூப்பிடுங்கோ, அவளும் கேக்கட்டும்."

உன்னை நம்பவைத்த மச்சான்,
செல்வம்