காது கொடுக்காமல் சொன்ன ஓம்

மெரிலேண்ட்ஸ்,
வெள்ளிக்கிழமை.

என் செல்ல மகள் கஜந்திக்கு,

அம்மாவும் அப்பாவும் இங்கே நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் உனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. உடம்புக்கு ஒரு குறையுமில்லை, மனம்தான் ஓரிடத்தில் இருக்கமாட்டேன் என்கிறது. நீ கிரான்பர்னில் நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்த மெல்பேர்ன் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டபடியேதான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் தமிழில் தொடங்குவேன், நீ இங்கிலிஷில் முடிப்பாய், நடுவில் என்ன நடந்தது என்று விளங்காமல் சரி பிள்ளை கவனம் என்று வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே கதைக்க முடியாது. ஆகவே பொறுமையாக முழுவதையும் வாசி, பாதியில் நிறுத்திவிட்டு எனக்கு அழைப்பு எடுக்காதே.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ தான்சானியாவுக்குப் போகலாம் என்று நீமாவிடம் நான் சம்மதம் சொல்லவில்லை. சொன்னதாக அவர் உன்னிடம் சொல்லியிருக்கிறார், நீயும் நம்பி, “அம்மா, நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்களாம், நான் அழுதிட்டன், தாங்ஸ் அம்மா” என்று செய்தி அனுப்பினாய். அதைப் பார்த்த நேரம் தொடக்கம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடந்தது இதுதான். உன் ஆராய்ச்சிக் கூட்டத்துக்காகத் தான்சானியாவிலிருந்து சிட்னி வந்தவர், கஜந்தியின் தாய் தகப்பனைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று நம் வீட்டுக்கு வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றியதுமே எனக்கு அந்த மனுசியைப் பிடித்துவிட்டது. அப்பா வேலைக்குப் போய்விட்டார், குசினியில் ரோல்ஸ் பொரிகிறது, அவரைக் கதிரையில் இருத்திவிட்டு நான் வாசலுக்கும் குசினிக்கும் நடுவில் நிற்கிறேன். அவர் இங்கிலிஷில் சொல்லிக்கொண்டே போகிறார், என் காது எண்ணெய்ச் சட்டியில். மரியாதைக்கு யெஸ், யெஸ் என்றேன். நம் ஆட்கள் யார் என்ன கதைத்தாலும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்போமே, அதைத்தான் இங்கிலிஷில் சொன்னேன். கேட்கிறேன், சொல்லுங்கோ என்றுதான் அதற்கு அர்த்தம். அது உனக்குத் தெரியும், தான்சானியாவில் பிறந்த மனுசிக்கு எப்படித் தெரியும். அவர் எழும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண் கலங்கினார். ரோல்ஸ் அவ்வளவு பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்து, மிச்சத்தையும் ஃபொயிலில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். பெற்ற மகளையும் கொடுத்து அதன் மேல் ரோல்சும் கட்டிக் கொடுத்த தாய் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உன் செய்தியை அப்பாவிடம் காட்டினேன். அவர் வெளியே போய், போன கிழமைதான் வெட்டிய புல்லைத் திரும்பவும் வெட்டினார். நான் யன்னல் சீலைகளைக் கழற்றித் தோய்த்தேன், காய்ந்ததும் மாட்டினேன், மாட்டியதைப் பார்த்தால் ஒழுங்கில்லை என்று திரும்பவும் கழற்றினேன். அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு மறந்துபோய் இன்னொரு சட்டியிலும் சோறு வைத்தேன். நமக்கிருக்கிற இந்த விசா எப்படிப்பட்டதென்று உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. இருக்கலாம், வேலை செய்யலாம், புதுப்பித்துப் புதுப்பித்து வயது போகலாம், நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் மட்டும் திரும்பி வர முடியாது. உள்ளே வர வழி தேடிப் படகில் ஏறிய குடும்பத்தில் பிறந்துவிட்டு, வெளியே போக வழி தேடுகிற ஒரே பிள்ளை நீதான். அப்பாவும் நானும் உன்னைப் பார்க்க அங்கே வரலாமென்றால் எங்களுக்கும் அதே கதைதான். நீ போனால் பிறகு உன்னைப் போனில்தான் பார்க்கலாம். இதை எழுதும்போதே எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பித்துவிட்டாய் என்று நீ வாடகைக்கு இருக்கிற வீட்டு அன்ரி சொன்னார். அவரோடு கோபிக்காதே, நான் தோண்டித் துருவிக் கேட்டதால்தான் சொன்னார்.

ராகவி என்ற அந்த வக்கீல் பிள்ளையிடம் திரும்பவும் போய்க் கேட்டேன். வேறு பதில் சொல்லமாட்டாளா என்ற ஆசைதான். அவள் அதையேதான் சொன்னாள், போனால் விசா முடிந்தது, வெளியிலிருந்து விண்ணப்பித்து உள்ளே வருவதை நம்பி இருக்க வேண்டாம் என்றாள். பிறகு மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போனோம். அங்கே நித்தியானந்தன் அங்கிள், வழக்கம் போல, நம் எல்லாருக்கும் அடுத்த மாதம் நிரந்தர விசா வருகிறதாம், உள்ளே இருந்து வந்த கதையாம் என்று காதுக்குள் சொன்னார். அவருடைய அடுத்த மாதம் எத்தனை வருடமாக வந்துகொண்டிருக்கிறது என்று உனக்கே தெரியும். அப்படியிருந்தும் அதையே நினைக்கத் தொடங்கிவிட்டேன். நீ விமானம் ஏறிய மறுநாள் அது உண்மையாகவே வந்துவிட்டால் நான் என்ன செய்வேன், யாரிடம் போய்ச் சொல்வேன். முருகனுக்கு முன்னால் நின்று என்ன கேட்பதென்று தெரியவில்லை. விசாவைக் கொடு என்பதா, பிள்ளையின் மனதை மாற்று என்பதா. ஒன்றும் கேட்காமல் திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாயால் கெட்டதை வாயாலேயே சரிசெய்யலாம் என்று, நீமா ஊருக்குத் திரும்ப முதல் நானும் அப்பாவும் பரமற்றாவில் அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போனோம். சொன்ன யெஸ்ஸைத் திருப்பி வாங்கத்தான் போனேன், அதை மறைக்கவில்லை. கீழே தேநீர்க் கடையில் இருந்தோம். மெதுவாகச் சொல்லுங்கோ, எனக்கு இங்கிலிஷ் இரவல் என்றேன், தனக்கும் அது இரவல்தான் என்று சிரித்தார். அதன் பிறகு எல்லாம் விளங்கியது, விளங்காததை அப்பா சொன்னார். அன்றைக்கு நான் சொன்ன யெஸ் சம்மதம் இல்லை என்று விளக்கிச் சொன்னபோது அந்த மனுசியின் முகம் செத்துப்போயிற்று. கோபிக்கவில்லை. தங்கள் பக்கத்திலும் பெரியவர்கள் பேசும்போது இப்படித்தான் தலையாட்டுவார்கள், தான்தான் இன்னொரு தரம் கேட்டிருக்க வேண்டும் என்றார். நான் பிறகு, மெல்பேர்னில் இருந்துகொண்டே வீடியோவில் படிப்பிக்கிறாளே, அது போதாதா, அவள்தான் வர வேண்டுமென்று என்ன கட்டாயம் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். உன் பல்கலைக்கழகமும் தான்சானியாவில் இரிங்கா பக்கத்திலுள்ள நீமாவின் தொழிற்பயிற்சிக் கல்லூரியும் சேர்ந்து ஏதோ சூரிய மின்சாரம் ஆராய்ச்சி செய்கின்றன என்ற அளவில்தான் எனக்கு உன் வேலை தெரியும். அவர் சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது. வெளிநாட்டுக்காரர் வந்து சோலர் தகட்டைப் பூட்டிப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்களாம், கொஞ்ச நாளில் பற்றரி பழுதாகி, பிள்ளை பிறக்கிற ஆஸ்பத்திரியில் மெழுகுதிரி கொளுத்துவார்களாம், பழுது பார்க்க அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாதாம். அதற்காகத்தான் அந்த ஊர்ப் பெண்களுக்கே வேலையைப் பழக்குவதாம். உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு உன் முகம் தெரியாதாம். படம் போடாதே, முகம் காட்டாதே, யார் பார்ப்பார்களோ என்று நாங்கள் சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்ததால், நீ வீடியோவில் கைகளை மட்டும்தான் காட்டுவாயாம். அவர்கள் உனக்கு வைத்திருக்கிற பெயரே மிகோனோவாம், அவர்கள் பாஷையில் கைகள் என்று அர்த்தமாம்.

அதற்குப் பிறகுதான் நீ என்னிடம் சொல்லாததைச் சொன்னார். ஒரு வீடியோவில் இடது பக்கம் வலது பக்கமாக மாறித் தெரிந்ததாம், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. அதைப் பார்த்துச் செய்த ஒரு பிள்ளைக்குப் பற்றரியில் நெருப்புப் பறந்து கை வெந்துபோயிற்றாம். ஆறிவிட்டது, வகுப்புக்கும் வந்துவிட்டாள், பார்க்கிறவர்களெல்லாம் அது கமராவின் பிழை என்கிறார்கள், கஜந்தி மட்டும் தன் பிழை என்கிறாள் என்றார். படிப்பின் கடைசிப் பகுதி பெரிய பற்றரிகளோடு செய்கிற வேலை, அதைப் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துத்தான் பழக்க வேண்டும், வேறொருத்தரை அனுப்புகிறோம் என்று பல்கலைக்கழகம் சொல்லியும் நீ விடவில்லையாம். இதை நான் ஊர் பேர் தெரியாத தேநீர்க் கடையில் இன்னொருத்தி வாயால் கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் நின்றிருந்தால் ஒன்று போட்டிருப்பேன். கறிக்கு உப்புப் போதுமா என்று ஒவ்வொரு நாளும் படம் அனுப்பிக் கேட்கிற பிள்ளை, நெஞ்சில் இவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன் அம்மா, நித்திரை கொண்டேன் அம்மா என்று சொல்லியிருக்கிறாயே. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

காரில் வரும்போது அப்பாவோடு சண்டை பிடித்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் நிற்பாள், அப்பா பிள்ளைதானே அவள், சொல்லுங்கோ என்று வழி முழுவதும் அரித்தேன். மனுசன் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல், “அவளுக்கு நாங்கள் என்னத்தைக் காட்டி நில் எண்டு சொல்லுறது, சோதி?” என்று கேட்டார். நானும் இறங்கவில்லை. யோசித்துப் பார்த்தேன், காட்டுவதற்கு நித்தியானந்தன் அங்கிளின் அடுத்த மாதத்தைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை மனம் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. காலையில் போகட்டும் என்கிறது, சோறு வடிக்கும்போது போகவே கூடாது என்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைக்குக் கை ஆறிவிட்டது, நீ ஏன் அதற்காக உன் வாழ்க்கையைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நேரம் உன்னோடு மனதுக்குள் சண்டை பிடிக்கிறேன். பிறகு யோசித்தால் நீ கொடுப்பதற்கு இங்கே யார் உனக்கு வாழ்க்கை தந்தார்கள் என்று தோன்றுகிறது. சின்னப் பிள்ளையாக வந்து இறங்கிய நாளிலிருந்து நீ கேட்டதெல்லாம் இல்லை, இல்லை என்ற பதில்தான். முதல் விண்ணப்பத்துக்கு இல்லை, மேன்முறையீட்டுக்கு இல்லை, பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் நியூசிலாந்துக்குக் கூட்டிப் போனபோது உனக்கு மட்டும் இல்லை. அன்றைக்கு நீ அழவில்லை, பரவாயில்லை அம்மா, அங்கே சரியான குளிராம் என்றாய். உன்னை வேண்டும், நீதான் வேண்டும், வேலை அனுமதியும் இருக்க இடமும் நாங்கள் எடுத்துத் தருகிறோம் என்று வாசல் தேடி வந்து கேட்ட முதல் ஆள் நீமாதான் மகள். நான் அவருக்கு ரோல்சைத்தான் கவனித்துக் கொடுத்தேன், காதைக் கொடுக்கவில்லை.

ஆகவே அன்றைக்குச் சொன்ன யெஸ் செல்லாது, அதை அழித்துவிடு. ஆனால் அதற்குப் பதிலாக நான் இல்லை என்று சொல்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளாதே. இந்த நாட்டில் உனக்கு இல்லை சொல்வதற்கு எத்தனையோ பேர் கதிரை போட்டு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கமாட்டேன். எனக்குப் பயம்தான், விருப்பமில்லைதான். அதெல்லாம் என் பாடு, உனக்கான பதில் இல்லை.

மலேரியாக் குளிசை போக முதலே தொடங்க வேண்டுமாம், டொக்டரிடம் மறக்காமல் கேள். நீமாவிடம் வேலை அனுமதி கையில் வந்த பிறகுதான் பயணச்சீட்டு எடுப்பேன் என்று சொல், வெட்கப்படாதே. அங்கே வீடியோ எடுத்தால் இடது வலதை இரண்டு தரம் பார், அந்தப் பிள்ளையிடம் முதல் நாளே நேரில் போய்க் கதை. போக முதல் ஒரு கிழமையாவது மெரிலேண்ட்சில் வந்து நில், அப்பா கேட்கமாட்டார், ஆனால் அவருக்கு வேண்டும். வரும்போது பாஸ்போர்ட்டை மட்டும் என் கண்ணில் காட்டாதே, கண்டால் ஒளித்துவைத்துவிடுவேன்.

எந்த மண்ணில் நின்றாலும் நோய்நொடி அண்டாமல், நல்ல மனிதர் நடுவில், முகத்தை மறைக்காமல் நீ வாழ வேண்டும், அதுதான் அப்பாவும் அம்மாவும் உனக்குத் தருகிற ஆசீர்வாதம். நம் ஆட்கள் யாரையும் போ என்று மட்டும் சொல்லி அனுப்புவதில்லை, போட்டு வா, போய்த் திரும்பி வா என்றுதான் சொல்லுவார்கள். வா என்று சொல்ல உன் அம்மாவுக்கு அதிகாரம் கிடையாதாம், அதைக் கன்பராவில் யாரோதான் சொல்ல வேண்டுமாம். அவர்கள் சொன்னால் சொல்லட்டும், சொல்லாவிட்டால் போகட்டும். நான் சொல்கிறேன், போட்டு வா மகள்.

என்றும் உன் அம்மா,
சிவசோதி இராசையா