ரெட்ஹாக் திரும்பி வந்த நாள்

அன்புள்ளவனுக்கு,

டெட்ராய்ட்டில் நேற்று உன் காரை அறிமுகப்படுத்தியபோது நானும் கைதட்டினேன். எப்போதோ நின்றுபோன 'ரெட்ஹாக்' பெட்ரோல் காரின் பெயரை இந்த மின்சாரக் காருக்கு வைத்தது உன் யோசனை.

பக்கத்தில் நின்ற பெரியவர் அந்தக் காலத்து ரெட்ஹாக் ஓட்டியவர். கிளப்பினால் தெருவே அதிருமாம். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தார்.

"இன்னும் கிளப்பலையாம்மா?"

"சத்தமே இல்லாம அப்பவே போயிடுச்சுங்க" என்றேன்.

தொட்டிலுக்கு மேலே சுவரில் நீ மறுபடியும் ஒட்டிய, நம் மூத்தவன் பெயரான 'டெஸ்மண்ட்' மர எழுத்துகளை இன்று எடுத்துவிட்டேன். அவன் இறங்கி வந்தால் மாடிப்படி தடதடக்கும். அவன் இறந்த இந்த இரண்டு வருஷமாக அந்தப் படி சும்மா கிடக்கிறது.

வயிற்றில் இருப்பவனுக்கு வேறு பெயர் பார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இவன் என் முன்னால் வந்து நிற்பான். நான் கண்ணை மூடிக்கொண்டு படிச் சத்தத்துக்குக் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
அவன் அம்மா