இரும்பு ஆளுக்குப் போர்த்திய கம்பளி

செவ்வாய், மழை விட்ட இரவு

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில், பழைய ஜீப்பு சைலன்சரை உடம்பாகவும் ஸ்பிரிங்கை மீசையாகவும் வைத்து நான் பற்றவைத்து உருவாக்கிய இரும்பு ஆளுக்கு இன்று ஏக மரியாதை. சாயங்காலம் கீழே போடிக்குத் திரும்ப ஜீப்பு ஏறும்போது, காய் எடுக்கும் பெண்கள் எல்லாரும் அவனிடம், "போயிட்டு வர்றோம் மாப்ளே" என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் பேசியது பாண்டியம்மா மட்டும்.

"அண்ணே, மாப்ளைக்குக் குளிரும். எதையாச்சும் போத்தி விடுங்க."

ஜீப்பு மலை இறங்கியதும் ஸ்டோரில் நான் மட்டும்தான். காலிச் சாக்குகள் எத்தனையோ கிடந்தும் என் கம்பளியைப் போர்த்திவிட்டு வந்தேன். இப்போது பல் தந்தியடிக்கிறது. போய் எடுத்து வரலாம். ஆனால் அது அங்கேயே இருந்தால், யார் கம்பளி இது என்று காலையில் ஒருத்தியாவது கேட்பாள்.