முகமூடி கொடுக்கும் நாள்

செவ்வாய், இரவு

நாளெல்லாம் பசியோடு நின்று வேலை செய்யும் ஓர் இளம்பெண்ணுக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வருகிறது? கடவுள் நம்பிக்கை இல்லாத எனக்கு விடை தெரியவில்லை.

நாளை எங்கள் ஷூ கம்பெனியைப் பார்வையிட, எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர் வருகிறார். அவர் வரும் நாளில் மட்டும் பசை தடவும் பெண்களுக்கு, அதன் நெடி ஏறாமலிருக்க முகமூடி கொடுப்பார்கள். மாலையில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அவர் கேட்டால், தினமும் கொடுப்பதாக அவர்கள் சொல்ல வேண்டும். அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இன்று நான் சொல்லிக்கொடுத்தபோது யாஸ்மின் மட்டும் தலையாட்டவில்லை.

"நோன்பு வெச்சிக்கினு பொய் சொல்ல மாட்டேன் மேடம். கேட்டா உள்ளதத்தான் சொல்வேன்."

பக்கத்தில் இருந்த செல்வி சிரித்தாள். "வேலை போச்சுன்னா இன்னாடி பண்ணுவே?"

"பிரியாணிக் கடைல வெங்காயம் உரிப்பேன். அழுதாகூட ஒருத்தருக்கும் தெரியாது."

யாஸ்மின் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது. நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லிவிட்டால் அவள் வேலை தப்பும், என் வேலையும் தப்பும். மேனேஜர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். மாற்ற மாட்டேன். காலையில் மனம் மாறிவிடக் கூடாது என்றுதான் எழுதி வைக்கிறேன்.

புதன்

முகமூடி தினமும் கொடுக்கிறார்களா என்று வெளிநாட்டுக்காரர் கேட்டார். "இன்னிக்குதான் குடுத்தாங்க" என்றாள் யாஸ்மின். மேனேஜர் என்னையே பார்த்தார். நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

செல்வி தன் முகமூடியைக் கீழே இறக்கினாள். "எனக்கும் இன்னிக்குதான், மேடம்."

அதையும் சொன்னேன்.