மண்ணெண்ணெயில் போன எழுத்து

அன்பு மகளுக்கு,

இது உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், வரி பாதியில் மேலே ஏறும், பிறகு களைத்துப்போய்க் கீழே இறங்கும், ‘ழ’ போடும்போது பேனா எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியாது. இவ்வளவு எழுதவே நேற்றும் இன்றும் ஆகிவிட்டது. நாங்கள் இருவரும் சுகம், அந்தக் குளிரில் நீயும் இருமல் இல்லாமல் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியைக் கட்டியது நான் என்பதுபோல. நான் எழுத்துப் படிக்கப் போகும் முதியோர் மாலை வகுப்பில் டீச்சர் என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார். தெருவில் ஒரு கடைப் பலகையையும் நான் விடுவதில்லை, எல்லாவற்றையும் சத்தமாகப் படிக்கிறேன், அம்மா வெட்கப்பட்டுப் பத்தடி முன்னால் நடக்கிறாள்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினோரு வருஷமாக உன் கடிதங்களைப் பக்கத்துப் பட்டறை ஃபிட்டர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். நல்ல மனுஷர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீ எழுதிய ‘அன்புள்ள அப்பா’ எனக்கு அவர் தொண்டையிலிருந்துதான் வந்தது. நீ வேடிக்கையாக ஏதாவது எழுதியிருந்தால், முதலில் மனதுக்குள் படித்து வயிறு குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் எனக்குப் படிப்பார். மகள் என்னுடையவள், முதல் சிரிப்பு அவருடையது. எரிந்துகொண்டே கேட்டிருக்கிறேன். உன் கடைசி இரண்டு கடிதங்களை நானே படித்தேன், கடிதம் வந்தது என்றே அவரிடம் மூச்சு விடவில்லை. இரண்டிலும் ‘ஃபிட்டர் மாமாவிடம் சொல்லுங்கள்’ என்று நீ எழுதியிருந்ததையும் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போது நம் பட்டறையில் இரும்பு கடையும் பழைய லேத் கடகடவென்று கத்த ஆரம்பித்தது. கியர் பாக்ஸைக் கழற்றாமல் தீராது. இதிலாவது அவர் கை படக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். உனக்கு நினைவிருக்கும், நான் எதைக் கழற்றினாலும் கழற்றிய வரிசையிலேயே பழைய துணியில் இடமிருந்து வலமாக அடுக்குவேன், பூட்டும்போது வலமிருந்து திரும்பி வருவேன், எழுதத் தெரியாதவனுக்கு அதுதான் வழி. ஃபிட்டரோ அட்டையில் எழுதிக் கம்பியால் கட்டி வைப்பார். இந்தத் தடவை நானும் சாக்கட்டி எடுத்து, ஒவ்வொரு கியரின் மேலேயும் ‘இடது பக்கம் பெரியது’, ‘இதன் பின்னால் வளையம்’ என்று எழுதினேன், அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தேன். எழுதிவிட்ட தைரியத்தில் துணியில் அடுக்கவில்லை. எல்லாவற்றையும் அள்ளி மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டு பிரஷால் தேய்த்தேன். பளபளவென்று வந்தன, ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

தேய்ந்துபோன பேரிங்கை மாற்றி இரண்டு முறை பூட்டிப் பார்த்தேன். முதல் முறை ஒரு வளையம் மிஞ்சியது. இரண்டாம் முறை எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் சுற்றவும் இல்லை. பம்பு ரிப்பேர்காரர் கடையக் கொடுத்த தண்டுகள் ஆறும் அப்படியே கிடந்தன. உங்க வீம்பு லேத்தை ஓட்டாது, போய் அவரைக் கூப்பிடுங்க என்று அம்மா சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் போய்க் கூப்பிட்டேன். அவர் வந்து குனிந்து பார்த்து, ஏண்ணே, எழுதிட்டு யாராவது குளிப்பாட்டுவாங்களா என்று கேட்டுச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். பிறகு தண்டைத் துடைத்து, வளையம் உட்கார்ந்த தடம் இங்க இருக்கு பாருங்க, நீங்க கியருக்கு அந்தப் பக்கம் போட்டிருக்கீங்க என்று விரல் வைத்துக் காட்டினார். எனக்குத் தெரியாததா? என் கண்ணில் படாமல் அவர் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். மாற்றிப் பூட்டிக் கையால் சுற்றினேன், வெண்ணெயாகச் சுழன்றது.

கை கழுவும்போது, என் முகத்தைப் பார்க்காமல், பாப்பா கடுதாசி போட்டு நாளாச்சோ, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்டார். உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இத்தனை நாளும் அவர் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. எடுத்து, அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, நானே படித்தேன். நான் திக்கிய இடத்தில் எல்லாம் அடுத்த வார்த்தை அவருக்குத் தெரிந்திருக்கும், வாயைத் திறக்கவில்லை. அவர் கண் ஆபரேஷனை நீ விசாரித்திருந்த ‘ஃபிட்டர் மாமா’ வரியை விட்டுவிட்டுப் போயிருக்கலாம், யாருக்குத் தெரியும்? படித்துவிட்டேன். அவர் ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். என் உடம்பை விசாரித்து நீ எழுதியது நான்கு வார்த்தை, அவர் கண் ஆபரேஷனை விசாரித்தது ஏழு. இனிமேல் எண்ணத் தெரிந்தவன்தான் படிக்கிறான் என்பதை மனதில் வைத்து எழுது. அவருக்கு ஏழையே வைத்துக்கொள், குறைக்க வேண்டாம். எனக்கு எட்டு வார்த்தையாவது வேண்டும்.

நோய்நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்திருக்காதே, போட்டுக்கொள். இன்றைக்கு விரல் வலிக்கிறது, அடுத்த வாரம் பட்டறை விடுமுறையன்று காலையிலேயே உட்கார்ந்து மறுபடியும் எழுதுகிறேன்.

எழுதியதும் உறை ஒட்டியதும்,
உன் அப்பாவே