பதினோராவது ரோல்ஸ்

என் அருமை மச்சான் செல்வம்,

நீ இல்லாத முதல் கோடை முடிந்துவிட்டது. உன் தங்கச்சி உன் படத்துக்குப் பூ மாற்றிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் இருந்து இதை எழுதுகிறேன். ஊர்ச்சங்க மலரில் போடப் போகிறார்களாம். போடட்டும். அந்த மலரை வாசிக்கிறவர்களில் உன்னிடம் பந்தயத்தில் ரோல்ஸ் தோற்காதவன் ஒருவன் இருப்பானா?

ஊரைவிட்டு நாம் வந்த பிறகு இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஊர்களுக்கிடையிலான கரப்பந்தாட்ட நாளில் மோர்னிங்சைட் திடலில் உன் கடைக் கூடார வாசலில் ஒரு அட்டை தொங்கும். அதில் ஒரே ஒரு எண். பக்கத்து ஊர் நம்மைவிட எத்தனை புள்ளி முன்னால் முடிக்கும் என்பதுதான் அது. அதைக் கோடு என்பாய். கோடு நாலரை என்றால், பக்கத்து ஊருக்குப் பந்தயம் கட்டியவன் வெல்ல அவர்கள் ஐந்து புள்ளியாவது கூட எடுக்க வேண்டும். நாம் நாலு புள்ளியால் தோற்றாலும் நமக்குக் கட்டியவனுக்கு வெற்றி. அந்த அரைப் புள்ளியை எந்த ஆட்டக்காரனாலும் எடுக்க முடியாது. சமன் என்று சொல்லி ஒருவனும் நழுவாமல் இருக்க நீ வைத்த ஆப்பு அது.

வென்றவனுக்குப் பத்து மட்டன் ரோல்ஸ். தோற்றவன் பதினொன்றுக்குக் காசு வைக்க வேண்டும்.

"உந்தப் பதினோராவது ஆருக்கடா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அட்டையைத் தூக்கிப் பிடிக்கிற கை உளையாதே மச்சான்?" என்றாய்.

நான் மொத்த மரக்கறி வியாபாரி. முருங்கைக்காய்ப் பெட்டியின் மூடியைத் திறக்காமலே எத்தனை காய் வாடும் என்று சொல்லுவேன். ஆனால் உன் வியாபாரம் எனக்கு விளங்கவில்லை. ஆட்டத்தை நன்றாகக் கணிக்கிறாய், அதனால் காசு உழைக்கிறாய் என்றே நினைத்திருந்தேன்.

இந்தமுறை கோடு போடும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். டோர்செட் பார்க் கடையின் லீஸை நீட்டுவதா விடுவதா என்று உன் மகள் அபி யோசித்துக்கொண்டிருந்த நேரம். மாரிகாலத்தில் கடையைத் தாங்குவது இந்த ஒருநாள் வருமானம்தான் என்று உனக்குத் தெரியும். நான் இரண்டு அணியும் பயிற்சி எடுப்பதைப் போய்ப் பார்த்தேன். பக்கத்து ஊர் நாலு புள்ளி கூட. பக்கம் சாராமல் நாலரை என்று எழுதித் தொங்கவிட்டேன்.

ஸ்ரௌவ்வில்லில் குடியிருக்கும் நம் சனம் வான் வண்டிகளில் வந்து இறங்கியது. எல்லாரும் நம் ஊருக்கே கட்டினார்கள். பக்கத்து ஊர்ப் பக்கம் ஆளே இல்லை.

"மாமா, என்ன செய்து வச்சிருக்கிறீங்கள்?" என்றாள் அபி.

"கணக்குச் சரி பிள்ளை. உவங்கள் நாலு புள்ளியாலதான் வெல்லுவாங்கள்."

"வெல்லட்டும். அது எங்களுக்கு என்னத்துக்கு? கேமை விடுங்கோ மாமா, கியூவைப் பாருங்கோ."

நாலரையை அழித்து, வெறும் அரை என்று எழுதினாள். பக்கத்து ஊர்க்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, உங்கட ஆக்களுக்கு வெயில் பிடிச்சிட்டுதோ? ஒரு புள்ளியால வெண்டாலே காணுமோ?" என்று இடித்துக்கொண்டு கட்ட வந்தார்கள். ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பக்கமும் தராசு போல நின்றது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன் மச்சான்.

ஆட்டத்தின் உண்மை நாலு. ஆட்களின் உண்மை அரை. நீ இத்தனை வருடமும் எழுதியது இரண்டாவதை. யார் வென்றாலும் தோற்றவனிடம் பதினொன்றை வாங்கி வென்றவனுக்குப் பத்தைக் கொடுப்பாய். மிச்சம் உன் சட்டியில் நிற்கும். நீ கணித்தது பந்தை அல்ல, எங்களை.

ஆனால் நான் காலையில் விட்ட பிழை அப்படியே இருந்தது. நாலரைக்குக் கட்டியவர்களுக்கு நாலரைதான் செல்லும். பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து நாலு புள்ளிக்குள் வென்றால், காலையில் நமக்குக் கட்டியவனும் வெல்வான், மத்தியானம் அவர்களுக்குக் கட்டியவனும் வெல்வான். இரண்டு பக்கத்துக்கும் கடை கொடுக்க வேண்டும். அபி லீஸைப் பற்றி யோசிக்கவே தேவை இருக்காது.

முப்பது புள்ளி ஆட்டம். இருபத்தொன்பதுக்கு இருபத்தைந்து என்று அவர்கள் முன்னால். அடுத்த புள்ளி அவர்களுக்கு என்றால் வித்தியாசம் ஐந்து, கடை தப்பும். நமக்கு என்றால் மூன்று. பிறகு அவர்கள் முடித்தாலும் நாலுதான். அவர்களின் நெடுவல் பெடியன் வலையடியில் எழும்பினான். "அடியடா ராசா" என்று எனக்குள் கேட்டது. என் குரல்தான். நம் ஊருக்கு எதிராக வாழ்க்கையில் முதல் தடவை.

பந்து நம் பக்கத்து மண்ணில் விழுந்தது. நம் சனம் தலையில் கை வைத்தது. அபி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நீயும் இந்த ஊர்க்காரன்தானே. திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோல்ஸ் பொரிப்பாயே, அது எப்படி முடிந்தது உன்னால்? ஊர்ப்பற்று இல்லாதவன் என்று உன்னை ஏசியிருக்கிறேன். பந்திடம் எதையும் கேட்கத் தேவையில்லாதபடி நீ காலையிலேயே எல்லாம் செய்து முடித்திருந்தாய்.

இப்போது தொலைக்காட்சியில் கூடைப்பந்து பார்த்தால் இடையிடையே பந்தய விளம்பரம்தான். அங்கேயும் அதே அரை, அதே பதினொன்றுக்குப் பத்து. ஒரு நாட்டையே ஒரு எண்ணால் நடுவே பிளந்து வைத்திருக்கிறார்கள். பார்க்கப் பிரமிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. உன்னிடம் தோற்றவன் வென்றவனின் பெட்டியில் இருந்து இரண்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். அங்கே தோற்றவனுக்கு யார் என்ன கொடுப்பார்கள்?

கூடாரத்தைக் கழற்றும்போது உன்னைப் பற்றி அபியிடம் கேட்டேன், "கொப்பர் உனக்கு உதெல்லாம் சொல்லித் தந்தவரோ?"

"ஒண்டும் சொல்லேல்ல. பக்கத்தில நிண்டு பாத்ததுதான். ஆனா கோடு போட முதல் உங்களைத்தான் எண்ணுவார். 'மச்சான் நான் என்ன எழுதினாலும் ஊருக்குத்தான் கட்டுவான். அவனை முதல் போடு, மற்றவையைப் பிறகு பாப்பம்' எண்டுவார்."

வியாபாரத்தில் என்னை அப்படி ஒருவரும் கணித்துப் பிடித்ததில்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன் கணக்கில் நிச்சயமான ஒரே ஆள் நானா?

அபி லீஸில் கையெழுத்து வைத்துவிட்டாள். இனி அட்டை அவளுடையது, நான் தொடமாட்டேன். கோடு எதுவானாலும், நாம் தோற்பது எனக்கே தெரிந்தாலும், வரிசையில் முதல் ஆளாக நின்று நம் ஊருக்குக் கட்டுவேன். உன் மகளும் என்னை முதலில் எண்ணட்டும்.

இப்படிக்கு,
பதினொன்றுக்குக் காசை எடுத்து வைத்திருக்கும்,
உன் தங்கச்சியின் மனிசன்,
உன் மச்சான் சிவம்