வெங்காயம் தேவைப்படவில்லை

அன்புள்ள அம்மா,

முட்டி வலி தேவலையா? நம் நாய் இன்னும் தபால்காரரைத்தான் துரத்துகிறதா? நான் நலம்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே. விடுதியில் ஆளுக்கொரு மாடியைக் கவனித்துக்கொள்ளப் புது மாணவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி தர, என்னைப் போன்ற பழைய ஆட்கள் அறைக்குள் ஏதாவது சிக்கலில் இருப்பதுபோல் நடிக்க வேண்டும். அவர்கள் கதவைத் தட்டி வந்து சமாளிக்க வேண்டும். எனக்கு வீட்டு ஏக்கத்தில் அழுகிறவன் வேடம். கண்ணீருக்குத் தலையணைக்கடியில் வெங்காயம் தயார். வருகிறவரைச் சிரிக்க வைப்பதுதான் என் திட்டம்.

மரிசோல் என்ற பெண் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்ட கடைசியா எப்போ பேசினே?"

"அவங்க தினமும் வாய்ஸ் மெசேஜ்ல பேசறாங்க. என் ஃபோன்தான் கேட்டுக்குது."

"நீ எப்போ பேசினேன்னு கேட்டேன்."

எண்ணிப் பார்த்தேன். ஜூலை நான்கு. ஏழு வாரம்! தூக்கிவாரிப்போட்டது. வெங்காயத்தைத் தொடவே இல்லை அம்மா, அவள் சட்டைக் கை முழுக்க நனைந்துவிட்டது.

"அடேயப்பா கோல்பி, நீ நாடகத் துறைக்கு மாறிடுடா!" என்று வாசலில் மற்றவர்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் டன்லீவி கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள், மரிசோலைத் தவிர.

என் பச்சைப் போர்வையை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு. ஞாயிறு மதியம் நானே கூப்பிடுகிறேன். குரல் ஒரு மாதிரி இருந்தால் சளி என்று வைத்துக்கொள்.

இன்றும் எனக்கு அதே வேடம்தான். கதவைத் தட்டுகிறார்கள்.

கோல்பி